கற்றாழை மடலில் விட்டுப்போன அரை

நம்ம வயசுக்காரர்கள் யாராவது இதைப் படிப்பதாக இருந்தால், முதலில் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் கண்ணாடி இல்லாத தைரியத்தில் நான் இருமல் மருந்தை முட்டியில் தேய்த்துக்கொண்டு, வலி குறைந்துவிட்டதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் வண்டிக்கெல்லாம் இனி எதிர் முடுக்கம்தான். பிரேக் போட்டாச்சு. எவ்வளவு தூரம் உருண்டு நிற்கும் என்பதுதான் பாக்கி.

அந்தக் கணக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? ஒன்பதாம் வகுப்பு இயற்பியல். "ஓய்வு நிலையிலிருந்து புறப்படும் பேருந்து ஒன்று சீரான முடுக்கத்துடன்..." என்று ஆரம்பிக்கும். எனக்கு அந்தப் பேருந்தின் மேல் முதல் நாளே சந்தேகம். நான் கீழப்பழுவூருக்கு உள்ளே தள்ளியிருக்கிற ஊரிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில் போய்ப் படித்தவள். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் பஸ் புறப்படும். கூடைக்காரம்மா கை காட்டினால் நிற்கும். மறுபடி புறப்படும். டிரைவர் வெற்றிலை துப்ப நிற்கும். எதிரே சுண்ணாம்புக்கல் லாரி வெள்ளைப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்கும். கண்டக்டர் விசில் இல்லாமல், பின்னாலேயே ஓடிவந்து படிக்கட்டில் தொற்றுகிறவன் இல்லாமல், ஒரே சீராக வேகம் ஏறிக்கொண்டே போகிற பஸ் எந்த ஊரில் ஓடுகிறது? எழுந்து நின்று கேட்டேன்.

"நீ மொதல்ல ஏறி உக்காரு. அப்புறம் கேள்வி கேளு" என்றார் சயின்ஸ் டீச்சர். பெரம்பலூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். அவருக்கே அந்தப் பேருந்தின் மேல் பொறாமை இருந்திருக்கும்.

ஆனால் கணக்குப் போட அவர் சொல்லித்தந்த முறை மட்டும் பழுதில்லாதது. கேள்வியைப் படித்துப் பயப்படாதே. இடது ஓரத்தில் ஐந்து எழுத்தை வரிசையாக எழுது. u தொடக்கத் திசைவேகம், v இறுதித் திசைவேகம், a முடுக்கம், t நேரம், s இடப்பெயர்ச்சி. தெரிந்ததற்கு நேராக எண்ணைப் போடு. ஓய்விலிருந்து புறப்பட்டால் u சுழி. கேட்டதற்கு நேராகக் கேள்விக்குறி போடு. எது கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லையோ, அது இல்லாத சமன்பாடாகப் பார்த்து எடு. v = u + at. இல்லையென்றால் s = ut + ½at². அதுவும் இல்லையென்றால் v² = u² + 2as. அவ்வளவுதான், உலகத்தில் ஓடுகிற எல்லாம் இந்த மூன்றுக்குள் அடக்கம் என்றார். மூன்றையும் கட்டிக்கொண்டு அழுதேன்.

அழுவதற்கு நோட்டு வேண்டுமே? எழுதிப் பார்க்கிறேன் என்று தாளைக் கிழித்தால் அம்மா விறகுக்கட்டையைப் பார்ப்பாள். சாயங்காலம் இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போவது என் வேலை. அங்கே வண்டிப்பாதை ஓரமாக வேலிக்கு யானைக்கற்றாழை நின்றது. ஒவ்வொரு மடலும் என் உயரம். கருவேல முள்ளை ஒடித்து எடுத்தேன். ஒரு மடலுக்கு ஒரு கணக்கு.

கீறியதும் எழுத்து ஈரப் பச்சையாகத் தெரியும். மறுநாள் வெளுத்து, நாலு நாளில் தழும்பு மாதிரி பழுப்பேறி நிற்கும். சாறு பட்ட இடம் அரித்துத் தள்ளும். இடது கையால் சொறிந்துகொண்டே வலது கையால் பேருந்தை நிறுத்தியிருக்கிறேன். முள்ளுக்குச் சின்ன எழுத்து வளையாது. அதனால் எல்லாம் பெரிய எழுத்து. V, A, T இவையெல்லாம் நேர்க்கோடுகள், சுலபம். தொல்லை பிடித்தது அந்த ½ தான். மேலே ஒன்று, நடுவில் கோடு, கீழே இரண்டு. அவ்வளவு சின்ன இடத்தில் மூன்று கீறல் விழுந்தால் மடல் கொழகொழவென்று பிய்ந்துவிடும். எனவே அரையை மனசுக்குள் வைத்துக்கொள்வோம், மடலில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் மனசு எப்பேர்ப்பட்ட பாத்திரம் என்று எனக்கு அப்போது தெரியாது.

இன்னொரு சங்கதி. அந்த வேலியில் எழுதிய முதல் ஆள் நானில்லை. எனக்கு முன்பே அங்கே எழுத்துகள் இருந்தன. இதயம் போட்டு, அம்பு விட்டு, இந்தப் பக்கம் ஒரு எழுத்து, அந்தப் பக்கம் ஒரு எழுத்து. நம் பக்கத்தில் கற்றாழையில் எழுத்து இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மடல் என்றால் கடிதம் என்றும் பொருள் உண்டு என்று தமிழ் டீச்சர் அந்த வருஷம்தான் சொல்லிக்கொடுத்தார். எனக்கு உறைக்கவில்லை.

இப்போது பெரியப்பா.

அப்பா லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். வீட்டில் இருக்கிற பாதி நாளும் "அண்ணன் சொன்னா சரி" என்பார். ஆகவே எங்கள் வீட்டுக்கு ஹைகோர்ட் பெரியப்பாதான். சந்தேகம் அவருக்கு சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி. வெளியே போகும்போது கதவுத் தாழ்ப்பாளில் ஒரு வைக்கோல் துரும்பை வைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து துரும்பு விழுந்திருந்தால் யார் வந்தது என்பார். விழாமல் இருந்தால், யாரோ வந்துவிட்டு மறுபடி எடுத்து வைத்திருக்கிறான் என்பார். எதுவும் கச்சிதமாக இருந்தால் அவருக்கு ஆகாது. கடைத் தராசு முள் நேராக நின்றால், "அடியில காந்தம் வச்சிருக்கான்" என்பார். ஒரு தடவை பஸ் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. அவர் ஏறவில்லை. "நேரத்துக்கு வருதுன்னா இது நேத்து வரவேண்டிய வண்டி."

அப்படிப்பட்டவர் ஒருநாள் வேலியோரம் நடந்து போயிருக்கிறார். ஐந்தாவது வரை படித்தவர். இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும் லாரி நம்பரைப் படித்துப் பழக்கம். மடலுக்கு மடல் அதே ஐந்து எழுத்து. டீச்சர் சொன்ன முறையை அவர் அளவுக்கு ஒழுங்காகப் பின்பற்றிய மாணவர் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே கிடையாது. தெரிந்தது எது? S. என் பேர் எஸ்ஸில் ஆரம்பிக்கும். அது என்னைக் கேட்டு வைத்ததில்லை. அடுத்து, U = 0. யு என்கிறவன் சைபர், அவனைக் கழற்றி விட்டாச்சு. T = 5. ஐந்து மணி. சாயங்காலம் ஐந்துக்கு ஆள் நடமாட்டம் இருக்கும், எவனும் வரமாட்டான். ஆகவே விடியற்காலை. கண்டுபிடிக்க வேண்டியது? V, அதற்கு நேராகக் கேள்விக்குறி.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கற்றாழைக்குப் பின்னால் உட்கார்ந்தார். விடையும் வந்தது. மாவு மில்லுக்காரர் மகன். பத்தாவது படிக்கிறவன். அவன் பேர் வி-யில் ஆரம்பிக்கும். கையில் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர். விடியற்காலையில் ஆண்கள் கற்றாழை மறைவுக்கு எதற்குப் போவார்கள் என்று ஊருக்கே தெரியும். பெரியப்பாவுக்கு மட்டும் அன்றைக்கு மறந்துவிட்டது.

விடிந்து நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே மில்லுக்காரர் மகன், பனியனும் கைலியுமாக, டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி நிற்கிறான். அம்மா சாணி தெளித்த கையோடு நிற்கிறாள். என் பையில் இருக்க வேண்டிய இலவச பஸ் பாஸ், பெரியப்பாவின் தலைக்கு மேல் கூரையின் எரவாணத்தில் செருகியிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"வி-ன்னா யாருடி?" என்றார் பெரியப்பா.

என்னவென்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "கத்தாழையில எழுதியிருக்கியே, அந்த வி" என்றாள் அம்மா, அழுகிற குரலில்.

அப்பாடா, இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன். "அது இறுதித் திசைவேகம் பெரியப்பா."

"இறுதியா? அப்ப இதுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்திருக்கான்."

"முன்னாடி இருக்கறது யு. அது தொடக்கம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சாணியோடு.

"டி?"

"நேரம்."

"கேட்டுக்க. நேரம்னு அவ வாயாலேயே சொல்லிட்டா. அஞ்சுன்னு போட்டிருக்கு."

"அஞ்சு மணி இல்ல, அஞ்சு வினாடி!"

"அஞ்சு வினாடியில என்னடி பேச முடியும்? சரி, ஏ?"

"முடுக்கம்."

"அதான் கேக்குறேன். யாரு முடுக்கி வுட்டது?"

மில்லுக்காரர் மகன் கையைத் தூக்கினான். "மாமா, அது இயற்பியல் கணக்கு. நானும் போன வருசம் படிச்சேன். அவ சொல்றது அத்தனையும் சரி."

"ரெண்டு பேரும் ஒண்ணுபோல சொல்றீங்க பாரு" என்று பெரியப்பா திருப்தியாகத் தலையாட்டினார். "பேசி வச்சிருக்கீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "எஸ்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அரைப் பரீட்சைக்குப் படித்த வாய், தானாகத் திறந்தது.

"இடப்பெயர்ச்சி."

பெரியப்பா கட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

"இடம் பெயர்றதுன்னா என்ன? ஊரை வுட்டுப் போறதுதானே. எங்க போறதா உத்தேசம்?"

"அதைத்தான் கண்டுபுடிக்கணும். அடுத்த மடல்ல அதுக்கும் கேள்விக்குறி போட்டிருக்கேன்" என்றேன். என் வாயை அம்மா பல தடவை அடுப்பில் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவள் வைத்திருக்கலாம்.

சாட்சிக்கு என் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். மில்லுக்காரர் மகன் வாங்கி, கணீரென்று படித்தான். "ஓய்வு நிலையிலிருந்து புறப்படும் பேருந்து ஒன்று..."

"பஸ்ஸு வேறயா!" என்று எழுந்துவிட்டார் பெரியப்பா.

அந்தப் பஸ்ஸுக்கு அவர் ஏன் அப்படி எழுந்தார் என்பது எனக்குக் கல்யாணம் பேசும்போதுதான் தெரிந்தது. எனக்கு ஒரு அத்தை இருந்திருக்கிறாள், பெரியப்பாவின் கடைசித் தங்கை. ஒருநாள் காலை வண்டியில் டவுனுக்குப் போகிறேன் என்று ஏறியவள் திரும்பவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தவர் இவர்தான். தாழ்ப்பாளில் துரும்பு வைக்கிற பழக்கம் அதற்குப் பிறகு வந்ததாம். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு கிழவர் காரணமில்லாமல் கத்துகிறார் என்பதுதான்.

தீர்ப்பு சொன்னார். "பள்ளிக்கூடம் போதும். ஆண்டிமடத்துல இவ சித்தி வூட்டுல கொண்டுபோய் வுடு. முந்திரி ஒடைக்கட்டும்."

சித்தி வீட்டுக்கு நான் லீவுக்குப் போயிருக்கிறேன். வறுத்த முந்திரிக்கொட்டையை உடைத்து உடைத்து சித்தியின் உள்ளங்கை கருத்துப்போயிருக்கும். ஓட்டிலிருந்து தெறிக்கிற பால் பட்ட இடம் தோல் உரியும். ரேகையே தெரியாது. சோறு பிசையும்போது அந்தக் கையை என் கண்ணில் படாமல் மறைத்துக்கொள்வாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். கற்றாழை அரிப்பு ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அழுகை வந்தது. எனக்கே ஆச்சரியம். சீரான முடுக்கத்தின் மேல் அவ்வளவு ஆசை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"கணக்குன்னு சொல்றாளே" என்றாள் அம்மா மெதுவாக. "எதையாச்சும் ஒண்ணைப் போட்டுக் காட்டச் சொல்லுங்களேன் மாமா."

கப்பென்று பிடித்துக்கொண்டேன். "ஒரு கல்லு குடுங்க. நம்ம கிணத்துல தண்ணி எத்தனை அடியில இருக்குன்னு சொல்றேன். கயிறு வேணாம்."

பெரியப்பா யோசித்தார். கிணறு என்றால் அவருக்கு நம்பிக்கை உண்டு. அவரே நின்று வெட்டின கிணறு. ஆனாலும் ஏற்பாடுகளில் குறை வைக்கவில்லை. நான் கிணற்றிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். கல்லை அம்மா விடுவாள். சிங்கப்பூர் மச்சான் கொடுத்த வாட்ச்சில் வினாடி முள்ளை அவரே பார்ப்பார். மில்லுக்காரர் மகன் வாயைத் திறக்கக் கூடாது. அவன் பாவம், அதற்குள் வேறு ஒன்றையும் அடக்கிக்கொண்டிருந்தான்.

அம்மா கல்லை விட்டாள். கிணற்றுக்குள் புறாக்கள் சடசடவென்று கிளம்பின. பிறகு, 'டம்'.

"ரெண்டு" என்றார் பெரியப்பா.

விரலால் ஈரமண்ணில் ஐந்து எழுத்தை எழுதினேன். u சுழி, விட்டதுதானே, வீசவில்லை. முடுக்கம் பத்து என்று வைத்துக்கொள்ளலாம், டீச்சர் அனுமதித்திருக்கிறார். நேரம் இரண்டு. கற்றாழையில் எழுதிப் பழகிய சமன்பாடு விரலில் தானாக வந்தது. இரண்டு இரண்டு நாலு, நாலு பத்து நாற்பது. நாற்பது மீட்டர். அடியில் மாற்றினால்...

கை நின்றுவிட்டது. நூற்றி முப்பது அடி.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அந்த மாதம் தண்ணீர் அறுபத்தைந்து அடியில் கிடந்தது. தினமும் கயிறு இழுக்கிற கைகள். அம்மா என் பின்னால் வந்து நின்று, உதட்டை அசைக்காமல், "அறுவத்தஞ்சுன்னு சொல்லித் தொலைடி" என்றாள்.

ஏழு மணி பஸ்ஸின் ஹாரன் தூரத்தில், பக்கத்து ஊரில் கேட்டது. அறுபத்தைந்து என்று சொன்னால் பாஸ் கைக்கு வந்துவிடும். ஆனால் மண்ணில் எழுதியிருப்பது நூற்றி முப்பது. திரும்பப் பெருக்கிப் பார்த்தேன். அதேதான் வந்தது. கணக்கு போட்டுக் காட்டுகிறேன் என்று வீராப்பு பேசியவள் நான். கயிறு பொய் சொன்னாலும் சொல்லும், சமன்பாடு சொல்லாது என்று நினைக்கிற அளவுக்கு அப்போது எனக்கு மூளை இருந்தது.

"நூத்தி முப்பது அடி" என்றேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மில்லுக்காரர் மகன் ஒரு விரலைத் தூக்கினான். ஏதோ சொல்ல வாய் திறந்தான். பெரியப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். தூக்கிய விரலை மட்டும் பாதியாக மடக்கினான். நான் அதை அப்போது கவனித்தேன், ஆனால் அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை.

பெரியப்பா வாளியைக் கிணற்றில் இறக்கினார். கயிற்றை இழுத்து, கையை விரித்து விரித்து அளந்தார். அறுபத்தைந்து. சந்தேகப்பட்டு இன்னொரு தடவை அளந்தார். அதேதான். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு, அதனால் பயமாக இருந்தது.

"நூத்தி முப்பதுல தண்ணி கெடந்தா நாம ஏன்டி இன்னும் இந்த ஊர்ல இருக்கோம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கையில் முந்திரிப் பால் வாசனை அடிப்பது மாதிரியே இருந்தது.

பெரியப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "கவனிச்சியா? அறுவத்தஞ்சுன்னு இந்த வூட்டுல ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். களவாணித்தனம் பண்றவளா இருந்தா அதைத்தானே சொல்லியிருப்பா? சரியாச் சொல்லியிருந்தான்னா நான் நம்பியிருக்கவே மாட்டேன். தெரிஞ்ச கெணத்துக்கு இப்படி ஒரு தப்பைச் சொல்லணும்னா, பாவம், நெசமாவே கணக்குத்தான் போட்டிருக்கா."

எரவாணத்திலிருந்து பாஸை உருவி என் கையில் வைத்தார். "நல்லாப் படிடி. ரொம்பப் படிக்கணும் நீயி."

பிறகு மில்லுக்காரர் மகனைப் பார்த்தார். "நீ போப்பா. போ." அவன் போன போக்கில் சீரான முடுக்கம் என்றால் என்ன என்பதை நான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

பஸ் வழக்கம்போலத் தாமதம். ஏறிவிட்டேன். வழியெல்லாம் என் சந்தேகம் கிணற்றின் மேல்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேலிப் பக்கம் போனேன். நான் கடைசியாக எழுதிய மடல், S = UT + AT². பழைய எழுத்துகள் பழுப்பேறியிருந்தன. A-வுக்கு முன்னால் மட்டும் ஈரப் பச்சையாக, சாறு இன்னும் வழிந்துகொண்டிருக்க, புதிதாக ஒன்று இருந்தது. மேலே ஒன்று. நடுவில் கோடு. கீழே இரண்டு. மடல் பிய்ந்துவிடாதபடி, ரொம்பப் பொறுமையாகக் கீறியிருந்தது.

நூற்றி முப்பதில் பாதி எவ்வளவு என்று அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். அதற்கு எனக்குத் தாள் தேவைப்படவில்லை. சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. தூரத்தில் மாவு மில் ஓடுகிற சத்தம் மட்டும், டக் டக் டக் என்று, கொஞ்சம் வேகமாகவே கேட்டது.

உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது. நானும் கேட்டேன், பல வருஷம் கழித்து, அரியலூர் பஸ் ஸ்டாண்டில், மில்லுக்காரர் மகனிடமே, அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு நிற்கும்போது. "அந்தக் கத்தாழைப் பக்கம் நான் போனது ஒரே ஒரு வேலைக்குத்தாங்க" என்றார். காது மட்டும் சிவந்தது. எனக்கும் வயதாகிவிட்டது, கண்ணாடி வேறு போட்டிருக்கவில்லை. சிவந்த மாதிரி தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் மடலின் முன்னால் நான் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியப்பா. தீர்ப்பு சொன்ன வழக்கையும் ஒருமுறை சரிபார்க்க வந்திருக்கிறார். குனிந்து மடலை மோந்தார். விரலால் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இது புதுசால்ல இருக்கு. மேல ஒண்ணு, கீழ ரெண்டு. என்னடி இது?"

"பாதின்னு அர்த்தம் பெரியப்பா."

என்னைப் பார்த்தார். மடலைப் பார்த்தார். மில் சத்தம் வருகிற பக்கம் காதைத் திருப்பினார்.

"சரி" என்றார். "மீதிப் பாதி எங்கடி?"